குழந்தைக்குச் சளி பிடித்தால் மூச்சைப் பாருங்கள்: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தை பிறக்கும் வரை குழந்தைகள் டாக்டரின் கிளினிக்கில் உட்கார இடம் கிடைக்காது. வந்திருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குச் சாதாரணச் சளிதான். மூக்கு ஒழுகும், இரண்டு மூன்று நாள் காய்ச்சல் அடிக்கும், இருமல் மட்டும் இரண்டு வாரத்துக்கு மேலும் இழுத்துக்கொண்டு போகும். சில குழந்தைகளுக்கு மட்டும் அதே சளி நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறும். இல்லையென்றால் நுரையீரலின் சின்னச் சின்ன மூச்சுக்குழல்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும். இந்த இரண்டாவதற்குப் பிராங்கியோலைட்டிஸ் என்று பெயர். இரண்டு வயதுக்குள் வருவது, பெரும்பாலும் ஆர்எஸ்வி என்ற வைரஸின் வேலை. 2019இல் மட்டும் உலகம் முழுக்க ஐந்து வயதுக்குட்பட்ட ஏழு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் நிமோனியாவால் இறந்தார்கள்.

கிளினிக்கில் அம்மாக்கள் சொல்வதைக் கேட்டுப் பாருங்கள். "இருமிக்கிட்டே இருக்கான் டாக்டர்", "நூத்தி ரெண்டு காய்ச்சல்", "சளி பச்சையா வருது". டாக்டர் தலையாட்டிக்கொண்டே சட்டையைத் தூக்கிக் குழந்தையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். சளியின் நிறத்தை வைத்தோ இருமலின் சத்தத்தை வைத்தோ நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்ல முடியாது. மூச்சை வைத்துச் சொல்லலாம். குழந்தை எவ்வளவு வேகமாக மூச்சு விடுகிறது, அதற்கு எவ்வளவு பாடுபடுகிறது, பால் குடிக்கத் தெம்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். கிராம சுகாதாரச் செவிலியர்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தருவதும் இதைத்தான். கருவி எதுவும் வேண்டாம், செல்போனில் ஸ்டாப்வாட்ச் இருந்தால் சரி.

முதல் படி: சட்டையைக் கழற்றுங்கள்

சளி பிடித்த குழந்தையை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? பனியன், அதன் மேல் ஸ்வெட்டர், தலையில் குல்லா, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டர்க்கி டவல். முகம் மட்டும்தான் தெரியும். ஆபத்தின் அடையாளங்கள் எல்லாம் துணிக்குள்ளே இருக்கின்றன.

காற்று அடிக்காத அறையில், நல்ல வெளிச்சத்தில், அம்மா மடியில் குழந்தையைச் சாய்ந்தாற்போல் படுக்கவைத்து, கழுத்திலிருந்து தொப்புள் வரை தெரியும்படி துணியை விலக்குங்கள். ஒரு நிமிடம் துணி இல்லாமல் இருந்தால் சளி கூடிவிடாது. தூங்கும்போது பார்ப்பது எல்லாவற்றையும் விட நல்லது. அழும்போதும் பால் குடிக்கும்போதும் எடுக்கும் கணக்கு உதவாது. மூக்கு அடைத்திருந்தால் முதலில் மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் சொட்டு மருந்தை விட்டுத் துடைத்துவிட்டுப் பாருங்கள், ஏனென்றால் மூக்கடைப்பே சில சமயம் மூச்சுத் திணறல் மாதிரி காட்டும்.

இரண்டாம் படி: ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்

வயிறும் நெஞ்சும் ஒருமுறை மேலே எழுந்து தாழ்ந்தால் அது ஒரு மூச்சு. பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கும் குறுக்குவழி இங்கே வேண்டாம். கைக்குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. கொஞ்ச நேரம் வேகமாக விடும், சில விநாடி நிறுத்தும், மறுபடி தொடங்கும். அதனால் முழு 60 விநாடி எண்ண வேண்டும். ஒருவர் போனைப் பார்த்து "ஸ்டார்ட், ஸ்டாப்" சொல்ல, இன்னொருவர் வயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் எண்ணினால் பிசகாது. வீட்டில் தனியாக இருந்தால் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துவிட்டு அதைப் பார்த்து எண்ணுங்கள். அந்த வீடியோ டாக்டரிடம் காட்டவும் உதவும். வீட்டில் திணறிய குழந்தை கிளினிக்குக்குப் போனதும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதானே!

உலக சுகாதார நிறுவனம் வேகமான மூச்சுக்கு வைத்திருக்கும் எல்லை இது:

- பிறந்தது முதல் 2 மாதம் வரை: நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்
- 2 மாதம் முதல் ஒரு வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்
- ஒரு வயது முதல் ஐந்து வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

இதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவிலோ காலண்டர் பக்கத்திலோ ஒட்டிவைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60ஐத் தாண்டினால் இன்னொரு முறை எண்ணுங்கள். இரண்டாம் முறையும் தாண்டினால்தான் கணக்கில் எடுக்க வேண்டும். காய்ச்சல் அடித்தாலும் மூச்சு வேகம் கூடும். பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சல் தணிந்த பிறகும் மூச்சு வேகம் தணியவில்லை என்றால் நுரையீரலைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் கீழே சொல்லும் மற்ற அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் காய்ச்சல் தணியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

குழந்தை நல்ல நிலையில் இருக்கும்போதே இரண்டொரு முறை எண்ணிப் பழகுவது என் சிபாரிசு. தன் குழந்தை சாதாரணமாக 30 முறை மூச்சு விடும் என்று தெரிந்த அம்மாவுக்கு, அது 48 ஆகும்போதே பொறி தட்டிவிடும்.

மூன்றாம் படி: நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி

என்னைக் கேட்டால் இந்த ஒரு படியைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். எண்ணிக்கையில் தப்பு வரலாம், இதில் அவ்வளவாக வராது.

குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்து வெளியே உப்ப வேண்டும். நுரையீரல் இறுகிப்போன குழந்தைக்கு நேர்மாறாக நடக்கும். வயிறு உப்பும், ஆனால் அதே நொடியில் கடைசி விலா எலும்புகள் இருக்கும் இடம் உள்ளே அமுங்கும். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்து விழுந்து மறையும். "பக்கம் இழுக்குது", "அள்ளை வாங்குது" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அவர்கள் அப்படிச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் இந்தப் பள்ளம் விழுந்தால்தான் கணக்கு. அழும்போது மட்டும் விழுந்தால் கணக்கில்லை. பிறந்த குழந்தையின் எலும்பு இளசு என்பதால் லேசாக அமுங்குவது இயல்பு. ஆழமாக, பளிச்சென்று தெரிந்தால்தான் ஆபத்து.

கூடவே இன்னும் மூன்றைப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது மூக்குத் துவாரம் விரிகிறதா? தொண்டைக் குழியும் விலா எலும்புகளின் இடுக்குகளும் உள்ளே போகின்றனவா? மூச்சுக்கு ஏற்பத் தலை முன்னும் பின்னும் ஆடுகிறதா? தலை ஆடுவதைப் பலர் தூக்கக் கலக்கம் என்று நினைத்துவிடுவார்கள். கழுத்துத் தசையையும் கூட்டிக்கொண்டு மூச்சுக்குப் போராடும் குழந்தைக்குத்தான் அப்படி ஆடும்.

நான்காம் படி: காதைக் கொடுத்துக் கேளுங்கள்

"நெஞ்சுல கரகரன்னு கேக்குது, கபம் கட்டிருச்சு" என்று பாட்டிகள் பயப்படும் சத்தம் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் சளியின் சத்தம். முதுகில் கை வைத்தால்கூட அதிரும். சின்னக் குழந்தைக்குத் துப்பத் தெரியாது, அவ்வளவுதான். குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டு, பால் குடித்துக்கொண்டு இருந்தால் இந்தக் கரகரப்பைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டிய சத்தங்கள் வேறு. மூச்சை வெளியே விடும்போதெல்லாம் "ம்ஹ்… ம்ஹ்…" என்று குட்டையாக ஒரு முனகல் வந்தால், மூடிக்கொள்ளப் பார்க்கும் காற்றுப்பைகளைத் திறந்து வைக்கக் குழந்தை போராடுகிறது என்று பொருள். உடனே ஆஸ்பத்திரி. வெளியே விடும்போது விசில் மாதிரி கேட்டால் அது வீசிங், நாம் இளைப்பு என்று சொல்வது. அன்றே காட்ட வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: நேற்றுவரை விசில் அடித்த குழந்தையின் நெஞ்சு இன்று திடீரென்று அமைதியாகி, ஆள் மட்டும் சோர்ந்து கிடந்தால், குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படக் கூடாது. காற்றே போய் வரவில்லை என்றாலும் சத்தம் அடங்கிவிடும்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையிலிருந்து கரடுமுரடான சத்தமும், நாய் குரைப்பது போன்ற இருமலும் வந்தால் குரல்வளை வீங்கியிருக்கிறது. இது பெரும்பாலும் நடுராத்திரியில் தொடங்கும். குழந்தை அமைதியாக இருக்கும்போதும் அந்தச் சத்தம் கேட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வாயைத் திறந்து விரலையோ ஸ்பூனையோ விட்டுப் பார்க்கவும் கூடாது. மூச்சு விடாமல் தொடர்ந்து இருமி, முகம் சிவந்து, கடைசியில் வாந்தி எடுத்தால் கக்குவான் இருமலாக இருக்கலாம். கைக்குழந்தைக்கு அதில் மூச்சே நின்றுபோகும் அபாயம் உண்டு.

சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல், நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று புரையேறி, அதிலிருந்து இருமலும் வீசிங்கும் விடவே இல்லை என்றால், வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ பொம்மைத் துண்டோ மூச்சுக்குழலுக்குள் போயிருக்கலாம். டாக்டரிடம் இதை நீங்களாகச் சொன்னால்தான் தெரியும்.

ஐந்தாம் படி: பால், சிறுநீர், முகம்

மூச்சு வாங்கும் குழந்தையால் பாலை உறிஞ்ச முடியாது. மார்பில் வாய் வைக்கும், இரண்டு வாய் இழுக்கும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், அழும், மறுபடி தேடும். பசி இருக்கிறது, குடிக்க முடியவில்லை. வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலும் அப்படியே. ராத்திரி டயாபர் போடும் வீடுகளில் இது தெரியாமலே போய்விடும், நோய்வாய்ப்பட்ட நாட்களில் எத்தனை டயாபர் நனைந்தது என்று குறித்துவையுங்கள்.

பால் சுத்தமாகக் குடிக்காதது, கொடுப்பதையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு வருவது, எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடப்பது ஆகிய நான்கில் எது இருந்தாலும் மூச்சை எண்ணிக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள், கிளம்புங்கள்.

நிறத்தைப் பார்க்கும்போது ஒரு நுணுக்கம். நம் தோலின் நிறத்தில் நீலம் பாய்வது முகத்திலோ கையிலோ சட்டென்று தெரியாது. கீழ் உதட்டை லேசாக இறக்கி உட்புறத்தையும், ஈறையும், நாக்கையும் பாருங்கள். அவை நீலம் அல்லது சாம்பல் பூத்திருந்தால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது. குளிரில் கை கால் மட்டும் நீலமாகத் தெரிவது வேறு விஷயம்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. அது பெரியவர்களின் விரலுக்காகச் செய்தது. கைக்குழந்தையின் விரலில் சரியாகப் பிடிக்காது, தப்பான எண்ணைக் காட்டும். அது 97 என்று காட்டி, விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்துகொண்டிருந்தால் பள்ளத்தைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குச் சட்டமே வேறு

இந்த வயதில் காய்ச்சல், இருமல் எதுவும் வராமலேகூட நிமோனியா இருக்கலாம். பால் குடிப்பது குறையும், அழுகை மெலியும், உடம்பு துவண்டுபோகும். காய்ச்சலுக்குப் பதிலாக உடம்பு சில்லிட்டுப்போகவும் செய்யும். தூக்கத்தில் சில விநாடி மூச்சை நிறுத்தி மறுபடி விடுவது இயல்பு. 20 விநாடியோ அதற்கு மேலோ நின்றாலோ, நிற்கும்போது நிறம் மாறினாலோ அவசரம். மூன்று மாதம் முடியும் வரை 100.4 டிகிரியைத் தொட்ட எந்தக் காய்ச்சலுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது, அதே நாளில் டாக்டர் பார்க்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள், எடை மிகக் குறைந்தவர்கள் என்றால் எந்த வயதிலும் சீக்கிரமே காட்டிவிடுங்கள்.

இனி முடிவெடுக்கலாம்

நெஞ்சு உள்வாங்குகிறது, முனகுகிறது, நாக்கு நீலம், குடிக்க முடியவில்லை, எழுப்பினால் எழவில்லை, வலிப்பு வந்தது, மூச்சு மேலே சொன்னதுபோல் நீளமாக நின்று வருகிறது: இதில் ஒன்று இருந்தாலும் 108. மூச்சு எண்ணிக்கை மட்டும் எல்லையைத் தாண்டியிருக்கிறது, மற்றபடி பால் குடிக்கிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறது என்றால் அன்றைக்கே டாக்டர். ஞாயிற்றுக்கிழமை என்று திங்கள் வரை தள்ள வேண்டாம். இரண்டும் இல்லை, அன்றே காட்டச் சொன்ன மற்ற அறிகுறிகளும் இல்லை என்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், காலையும் மாலையும் எண்ணிக்கொண்டு.

எத்தனையாவது நாள் என்பதும் முக்கியம். பிராங்கியோலைட்டிஸ் முதல் நாளில் வெறும் மூக்கொழுகலாகத்தான் இருக்கும்; மூன்றிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் உச்சம். முதல் நாள் காட்டி "ஒன்றுமில்லை" என்று டாக்டர் அனுப்பியிருந்தாலும், மூன்றாம் நாள் மூச்சு வாங்கினால் கூச்சப்படாமல் மறுபடி போங்கள். முதல் நாள் அவர் சொன்னதும் சரியாகவே இருந்திருக்கும். காய்ச்சல் விட்டு, தெளிந்து, இரண்டு நாள் கழித்து மறுபடி காய்ச்சல் ஏறினாலும் போக வேண்டும்.

போகும் வழியில்

பைக்கில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில், முகத்தை மூடி, இறுக்கிப் பிடித்துக் கூட்டிப்போவதைத் தினமும் பார்க்கிறோம். திணறும் குழந்தைக்கு அதுவே மூச்சை இன்னும் அடைத்துவிடும். ஆட்டோவோ காரோ ஆம்புலன்ஸோ, குழந்தை மடியில் நிமிர்ந்து உட்காரட்டும், முகம் திறந்திருக்கட்டும், கழுத்து மடங்காமல் இருக்கட்டும். தானாக எந்த நிலையில் சௌகரியமாக மூச்சு விடுகிறதோ அப்படியே விட்டுவிடுங்கள், படுக்கவைக்க வேண்டாம். மூச்சு வாங்கும்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். பச்சிளம் குழந்தையை அம்மாவின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து, மேலே போர்த்திக்கொண்டு போனால் உடம்புச் சூடு குறையாது.

108இல் பேசும்போது முதல் வாக்கியத்திலேயே வயதையும் "மூச்சுத் திணறல்" என்பதையும் சொல்லிவிடுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஆக்சிஜன் இல்லை என்று தெரிந்தால் அங்கே டோக்கன் போட்டுக் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு உண்டு. சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. கையில் தடுப்பூசி அட்டை, கொடுத்த மருந்துகளின் அட்டையும் பாட்டிலும், எடுத்த வீடியோ, இவ்வளவு போதும்.

வீட்டில் செய்யலாம், செய்யவே கூடாது

செய்யக்கூடியது சொற்பம்தான். பால் கொடுப்பதற்கும் தூங்கவைப்பதற்கும் முன் மூக்கில் சலைன் சொட்டு, தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி, காய்ச்சல் இருந்தால் எடைக்கு ஏற்ப டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால். ஒரு வயது தாண்டியிருந்தால் இருமலுக்கு அரை ஸ்பூன் தேன் இதமாக இருக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

கூடாதவற்றின் பட்டியல் நீளம். தலைக்கு ஊற்றியதும் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே நிமோனியாவை உண்டாக்கும், அதற்கு ஆன்டிபயாட்டிக்கும் கேட்காது. கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதும் வேண்டாம். கற்பூரம் உடம்புக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரலாம். சாம்பிராணிப் புகை வாசனையாக இருந்தாலும் புகை புகைதான். போகியன்று விடியற்காலையில் ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் குழந்தையை உள்ளறையில் வைத்திருங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்குக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைப்பது உயிருக்கே உலை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கும் தண்ணீரைக் குழந்தை பக்கத்தில் வைத்து வெந்துபோன கதைகள் ஏராளம்.

அப்புறம் இருமல் சிரப். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததற்குக் காரணமான சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. நச்சு கலக்காத சிரப்பாலும் சின்னக் குழந்தைகளுக்குப் பெரிய பலன் இல்லை. இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து எழுதவே வேண்டாம், ஐந்து வயது வரை பொதுவாகத் தவிர்க்கலாம் என்று அந்த ஆண்டு மத்திய சுகாதாரத் துறையும் அறிவுறுத்தியது. போன மாதம் மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக், பக்கத்து வீட்டு நெபுலைசர் மருந்து இரண்டுக்கும் இதே பதில். வைரஸால் வரும் பிராங்கியோலைட்டிஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஆக்சிஜனும் நீர்ச்சத்தும்தான் குழந்தையை அந்த நாலைந்து நாளைத் தாண்டவைக்கின்றன.

மழைக்கு முன்பே அட்டையைப் புரட்டுங்கள்

நிமோனியாவைக் கொண்டுவரும் நியூமோகாக்கஸ் கிருமிக்கான பிசிவி தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் அரசு அட்டவணையில் இலவசம்: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். ஹிப் கிருமி (இதுவும் நிமோனியாவைக் கொண்டுவருவது), கக்குவான், தொண்டை அடைப்பான் மூன்றுக்கும் காப்பு தரும் பென்டாவேலன்ட் 6, 10, 14 வாரங்களில். இது தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலேயே வந்துவிட்டது. தட்டம்மை வந்த குழந்தைக்கு நிமோனியா பின்னாலேயே வரும், அதனால் 9 மாதத்திலும் 16 மாதத்துக்குப் பிறகும் போடும் எம்ஆர் ஊசியும் இந்தக் கணக்கில் சேரும். ஃப்ளூ ஊசி 6 மாதத்திலிருந்து ஆண்டுதோறும் போடலாம். அது அரசு அட்டவணையில் இல்லை, காசு கொடுத்துப் போட வேண்டும். மழை தொடங்குவதற்கு முன் போடுவது நல்லது. ஒரு தவணை தவறியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பள்ளிக்கூடம் போகும் அண்ணனோ அக்காவோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தொட்டில் பக்கம் விடுங்கள். பாப்பாவுக்கு முத்தம் சளி போன பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.